வான்டர்ஸீ என்ற பெயருக்கு மூலப்பத்திரம் தேடியது

முப்பத்திரண்டு ஆண்டுகள் கும்பகோணத்தில் பத்திர எழுத்தராக இருந்தவன் நான். ஒரு மனை விலைக்கு வருகிறதென்றால், விற்கிறவர் சொல்லும் கதையைக் கேட்பதற்கு முன் தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்குவதும், அதிலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னோக்கிப் போய், எங்கேயாவது இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதும்தான் என் தொழில். சென்ற ஆண்டு மகள் வீட்டில், நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனிக்குப் பக்கத்தில், ஆறு மாதம் தங்கியிருந்தபோது அதே வேலையை ஒரு குடும்பப்பெயருக்குச் செய்தேன். மாப்பிள்ளையின் பெயரில் கடைசியாக நிற்கும் வான்டர்ஸீ என்ற சொல்தான் அது. அதை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், எப்படித் திருத்தினேன் என்பதை, இதுபோன்ற வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதிவைக்கிறேன்.

தொடக்கம் பேத்தியின் பள்ளிக்கூடப் பாடம். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் எட்டிய மட்டும் முன்னோர் பெயர்களை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்தில் என் கொள்ளுத்தாத்தா வரையில் சொன்னேன். அவருக்கு மேலே, ஊரில் என்னிடம் இருக்கும் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘சு.’ என்ற ஒரெழுத்து மட்டுமே எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பக்கத்தில் அவருடைய தாத்தாவோடு பட்டியல் நின்றுவிட்டது. ஆனால் கதை மட்டும் நிறைய இருந்தது. வான்டர்ஸீ என்றால் டச்சு மொழியில் ‘கடலைச் சேர்ந்தவர்’ என்று பொருள். ஆகவே முன்னோர்கள் நெதர்லாந்தின் கடலோர மீனவர்கள் என்று அந்தக் குடும்பத்தில் நெடுநாளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சமையலறைச் சுவரில் கப்பல் வரைந்த நீலநிறத் தட்டு ஒன்று மாட்டியிருக்கிறது. கூடத்தில், இந்தக் குடும்பப்பெயருக்கு உரியது என்று சொல்லி யாரோ விற்ற மரப்பலகைச் சின்னம் ஒன்றும் தொங்குகிறது.

பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மரபில் அத்தகைய சின்னம் ஒரு தனி மனிதருக்கோ அவருடைய நேர் வாரிசுகளுக்கோ உரியது. ஒரே குடும்பப்பெயர் உள்ள எல்லோருக்கும் பொதுவானது அன்று. ஆகவே அது எதற்கும் சான்றாகாது. பெயரின் பொருளும் அப்படித்தான். மனையின் பெயர் ‘ராஜா தோட்டம்’ என்பதால் அது ராஜாவுக்குச் சொந்தமாக இருந்தது என்று எந்தப் பத்திர எழுத்தரும் எழுதமாட்டார். பொருளிலிருந்து ஊகித்து இறங்காமல், பேத்தியிடமிருந்து தொடங்கித் தாள் தாளாக மேலே ஏறுவது என்று முடிவு செய்தேன்.

சம்பந்தியம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையக் காகிதங்களைக் கொடுத்தனுப்பினார். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, ஒரு ராணுவ விடுவிப்புக் கடிதம், கல்லறைத் தோட்டத்து ரசீது, பின்புறம் பெயர் எழுதிய புகைப்படங்கள் ஆகியவை அதில் இருந்தன. இவற்றாலேயே மூன்று தலைமுறை உறுதியாயிற்று. அதற்கு மேலே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் கைகொடுத்தன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்த பிறகே கணக்கெடுப்பு ஏடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வீட்டுக் கணினியிலேயே எழுத்தரின் கையெழுத்தைப் படமாகப் பார்க்க முடிகிறது. 1950, 1940, 1930 என்று பத்துப் பத்தாண்டாகப் பின்னோக்கி வந்து, 1900-ஆம் ஆண்டு ஏட்டில் மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தாவைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் கண்டேன். அந்த ஆண்டு ஏட்டில் பிறந்த மாதமும் ஆண்டும்கூட எழுதியிருப்பது பெரிய வசதி.

அதற்கு முந்தைய 1890-ஆம் ஆண்டு ஏடுகள் கிட்டத்தட்ட முழுவதும் இன்று இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் அவை பாழாயின. நியூயார்க் மாநிலம் தனியாகவும் கணக்கெடுத்து வந்ததால் 1892-ஆம் ஆண்டு மாநில ஏட்டைக் கொண்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டினேன். மாநில ஏடுகளில் 1855-ஆம் ஆண்டுக்குரியதை நான் தனியே புகழ வேண்டும். நாட்டுக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவருக்கு ஒருவர் என்ன உறவு என்பதை 1880-இலிருந்துதான் எழுதுகிறார்கள். 1850-இலிருந்து 1870 வரை ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து பெயர்கள் மட்டும் தெரியும். அந்தப் பையன் மகனா, தம்பி மகனா, வேலைக்கு வந்தவனா என்பது தெரியாது. 1855-ஆம் ஆண்டு மாநில ஏட்டிலோ உறவும் உண்டு, பிறந்த மாவட்டமும் உண்டு, இந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பதும் உண்டு. ‘மகன், வயது 2, பிறந்த இடம் ஆல்பனி’ என்ற ஒரு வரி, ஐந்தாம் தலைமுறையையும் ஆறாம் தலைமுறையையும் இணைத்துக் கொடுத்தது.

1850-க்கு முன்னால் வழி குறுகிவிடுகிறது. அதற்கு முந்தைய ஏடுகளில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயது வாரியான எண்ணிக்கையாக நிற்பார்கள். 1790-இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெள்ளையின ஆண்கள், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், வெள்ளையினப் பெண்கள், பிற சுதந்திர மனிதர்கள், அடிமைகள் என்று ஐந்து கட்டங்கள்தாம். மாப்பிள்ளையின் எட்டாம் தலைமுறை மூதாதை என்று நான் பின்னால் உறுதி செய்த மனிதரின் பெயருக்கு நேரே, கடைசிக் கட்டத்தில் ‘2’ என்று எழுதியிருந்தது.

அந்த எண்ணை நான் மாப்பிள்ளையிடம் உடனே காட்டவில்லை. இரண்டு நாள் கழித்துக் காட்டினேன். தெற்கு மாநிலங்களில்தான் அடிமைமுறை இருந்தது என்று அவரும் நினைத்திருந்தார். நியூயார்க்கில் படிப்படியான விடுதலைச் சட்டம் 1799-இல்தான் வந்தது. 1827 ஜூலை 4-இல்தான் முழு விடுதலை கிடைத்தது. ஹட்சன் ஆற்றங்கரை டச்சுப் பண்ணைகளில் அடிமைகளின் உழைப்பு சாதாரண நடைமுறையாக இருந்தது. அந்த இருவரின் பெயரையும் தேடினேன். உயிலில் கிடைக்குமா, திருச்சபை ஏட்டில் கிடைக்குமா என்று ஒரு வாரம் பார்த்தும் கிடைக்கவில்லை. பேத்தியின் வரைபடத்தில் அந்தத் தலைமுறைக்கு அருகில் ‘இவ்வீட்டில் பெயர் எழுதப்படாத இருவர் அடிமைகளாக வாழ்ந்தனர், 1790’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். மாப்பிள்ளை தாமே தம் கையால் அதை எழுதினார். குடும்பப்பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரத்த உறவு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கும் இந்தக் கட்டம் ஒரு காரணம். நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியின் வாழ்க்கையைப் படமெடுத்துப் புகழ்பெற்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் வான் டெர் ஸீயும் இதே பெயர் கொண்டவர். 1886-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸில் பிறந்தவர். ஒரு பெயர் ஒரு வீட்டுக்குள் வரும் வழிகள் பல. அந்தந்த வழிக்கு அந்தந்தத் தாள் வேண்டும்.

இனித் திருச்சபை ஏடுகள். ஆல்பனி டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவுகளில் இன்று எஞ்சியிருப்பவை 1683-இலிருந்து தொடங்குகின்றன. ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நாள் முதலில்; அடுத்துக் குழந்தையின் பெயர்; பிறகு தந்தை, தாய்; கடைசியில் சாட்சிகள். எழுத்து சாய்ந்து, மை பழுப்பேறி, ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலைமேல் ஏறியிருக்கும். டச்சு மொழி தெரியாதே என்று முதலில் தயங்கினேன். ஆனால் பத்திரத்தில் எது எங்கே வரும் என்று பழகியவனுக்கு மொழி பெரிய தடையாக இல்லை. மாதப் பெயர்களையும் உறவுச் சொற்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால் நான்கு நாளில் கண் பழகிவிடுகிறது.

இந்த ஏட்டில் இரண்டு செய்திகள் ஆங்கிலேயத் திருச்சபை ஏடுகளைவிட மேலானவை. தாயின் பெயர் கணவன் பெயரோடு கரைந்துபோகாமல் அவளுடைய பிறந்தவீட்டுப் பெயரோடே நிற்கிறது. சாட்சிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டி, அல்லது பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, ஒரு குழந்தையைச் சுற்றி நான்கு பெயர்கள் நின்று, அது எந்த வீட்டுக் குழந்தை என்பதைக் கட்டிக்காட்டிவிடுகின்றன. நான் பார்த்த பெரும்பாலான வம்சாவளிப் பட்டியல்களில் சாட்சிகளின் பெயர்களை விட்டுவிட்டுத் தந்தை பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வீடு அடையாளம் தெரிவது பெரும்பாலும் சாட்சிகளால்தான்.

நான் தவறிய இடமும் இங்கேதான். டச்சுக்காரர்கள் தங்கள் மூத்த மகனுக்குப் பெரும்பாலும் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் வைத்தார்கள். நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெயரன் என்ற சொல்லே தாத்தாவின் பெயரை உடையவன் என்ற பொருளில்தானே பிறந்தது. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், ஸ்டோர்ம் என்ற ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் இருந்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கு வீடுகளில் நான்கு ஸ்டோர்ம்கள் பிறந்துவிடுகிறார்கள். ஒன்பதாம் தலைமுறைக்கு வந்தபோது, 1729-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஸ்டோர்மைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டு பொருந்தியது, ஊர் பொருந்தியது. பிறர் தொகுத்துவைத்த பட்டியல் ஒன்றிலும் அவ்வாறே இருந்தது. அவர்மேல் மூன்று வாரம் கட்டடம் கட்டினேன். அவருடைய தந்தை, தாய், தாயின் வீடு, நிலம் என்று எட்டுத் தாள் நிறைந்துவிட்டது.

ஒரு நாள் மாலை, அதே பெற்றோரின் மற்றப் பிள்ளைகளையும் குறித்துவைப்போம் என்று ஏட்டை முன்னோக்கிப் புரட்டினேன். 1731-இல் அதே தந்தை, அதே தாய், குழந்தையின் பெயர் மறுபடியும் ஸ்டோர்ம். ஒரு கணம் எழுத்தர் தவறி இருமுறை எழுதிவிட்டாரோ என்று நினைத்தேன். சாட்சிகள் வேறு, நாள் வேறு. இரண்டு குழந்தைகள்தாம். உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்களிடையே அரிது. தாத்தாவின் பெயர் வீட்டில் நிலைக்க வேண்டும் என்பதால், பெயர் பெற்ற குழந்தை இறந்தால் அடுத்து வரும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். நான் மூன்று வாரமாகத் திருமணம் செய்துவைத்து, நிலம் வாங்கிக்கொடுத்து, வாரிசு எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதர், இரண்டு வயதுகூட நிறையாமல் இறந்துபோன குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரை அடித்துவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. தனியாக ஒரு தாளில் ‘ஸ்டோர்ம், 1729, குழந்தையில் மறைந்தது’ என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

திருத்தும் வேலையைத் தாய் பக்கத்திலிருந்து தொடங்கினேன். 1760-இல் ஞானஸ்நானம் பெற்ற எட்டாம் தலைமுறைக் குழந்தையின் தாயை எடுத்துக்கொண்டு, அவள் பெயர் வரும் பதிவுகள் அனைத்தையும் திரட்டினேன். ஏழு பிள்ளைகள் கிடைத்தார்கள். ஏழு பதிவுகளிலும் சாட்சிகளாக நின்ற வான்டர்ஸீக்கள் யார் யார் என்று எழுதிப் பார்த்தபோது, அவர்கள் எல்லோரும், நான் முதலில் பிடித்த வீட்டுக்கும் மேலே நிற்கும் வௌட்டர் என்பவருடைய இன்னொரு மகனின் பிள்ளைகளாகவே இருந்தார்கள். நான் முதலில் பிடித்த வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அண்ணன் வீட்டு ஸ்டோர்முக்குப் பதிலாகத் தம்பி வீட்டு ஸ்டோர்மை எழுதியதும் எல்லா இணைப்பும் தானாக உட்கார்ந்தது. மூத்த மகனுக்கு வைத்த பெயரும் தாத்தாவின் பெயரோடு ஒத்துவந்தது. எட்டுத் தாளையும் கிழிக்காமல் ‘தவறு’ என்று தலைப்பில் எழுதிக் கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறேன். பின்னால் வருகிறவர் அதே பட்டியலை நம்பி அதே குழியில் விழக் கூடாது.

நாள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி வழக்கில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. அதுவரையில் ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதப் பதிவுகளில் ஆண்டு எது என்பதை இருமுறை பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் ஹாலந்து மாகாணமோ 1583 தொடக்கத்திலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது.

பதினோராம் தலைமுறையான வௌட்டர் 1683-க்கு முன் பிறந்தவர். ஆகவே அவருக்கு ஞானஸ்நானப் பதிவு இல்லை. இங்கே பெயரே சான்றாக வந்தது. ஆங்கில ஆட்சி வேரூன்றும் வரை அப்பகுதி டச்சுக் குடியேறிகளில் பலருக்கு நிலையான குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்ற சொல்லைச் சுருக்கி ஒட்டிக்கொள்வார்கள். ஆல்பெர்ட்டின் மகன் ஆல்பெர்ட்ஸ். பாரென்ட்டின் மகள் பாரென்ட்ஸ். நம் தலைப்பெழுத்து வழக்கம்தான், இடம் மட்டும் மாறி நிற்கிறது. வௌட்டர் ஏடுகளில் ‘வௌட்டர் ஸ்டோர்ம் வான் டெர் ஸீ’ என்று வருகிறார். நடுவில் நிற்கும் பெயர் தந்தை யார் என்று சொல்கிறது.

1664-இல் டச்சுக் குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்குப் போய், பெவர்வைக் என்ற ஊர் ஆல்பனி என்று பெயர் மாறிய பிறகு, தலைமுறை தோறும் மாறும் பெயர்கள் மெல்ல மெல்ல உறைந்து குடும்பப்பெயர்கள் ஆயின. சிலர் தந்தை பெயரையே நிறுத்திக்கொண்டார்கள். சிலர் பிறந்த ஊரை, சிலர் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். என் மகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது, எனக்கு வேடிக்கையாக இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் அவளுடைய தலைப்பெழுத்தை விரித்து என் பெயரை அங்கே எழுதினோம். இந்த நாட்டில் அவளை அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக எழுதிய பெயர் குடும்பப்பெயராக மாறுவதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தலைமுறை ஸ்டோர்ம். இவருடைய மனைவி ஹில்லெட்யே லான்சிங். ஏடுகளில் சில இடங்களில் ஸ்டோர்ம் ஆல்பெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறார். சில இடங்களில் அதோடு வான் டெர் ஸீ சேர்ந்திருக்கிறது. அதாவது, நான் தேடிவந்த பெயர் இந்த மனிதரிடம்தான் தொடங்குகிறது. இவருடைய தந்தையிடம் அது இல்லை. உடன்பிறந்தவர்களிடமும் இல்லை, அவர்கள் வழியினர் பிராட் என்ற வேறு குடும்பப்பெயரால் அறியப்படுகிறார்கள். ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளில் ஒருவர் மட்டும் ‘கடலைச் சேர்ந்தவர்’ என்று எழுதிக்கொண்டது ஏன்?

விடை ஒரு கப்பலின் நாட்குறிப்பில் இருந்தது. கிலியான் வான் ரென்ஸலர் என்ற ஆம்ஸ்டர்டாம் வைர வணிகருக்கு, ஹட்சன் ஆற்றின் மேல்பகுதியில், இன்றைய ஆல்பனியைச் சுற்றிப் பெரும் நிலப்பரப்பு உரிமையாக இருந்தது. ரென்ஸலர்ஸ்வைக் என்று பெயரிட்டு, தாம் ஒருமுறையும் கண்ணால் பார்க்காத அந்த நிலத்துக்கு ஆட்களை ஒப்பந்தம் போட்டு அனுப்பினார். 1636 ஆகஸ்டு 26-இல் எழுதிய ஒரு ஒப்பந்தத்தில், வேறு இருவருடன், ஃப்ரெட்ரிக்ஸ்டாட் ஊரைச் சேர்ந்த, 29 வயதுடைய, புகையிலை பயிரிடும் ஆல்பெர்ட் ஆன்ட்ரீசன் என்பவரும் சேர்ந்திருக்கிறார். ஃப்ரெட்ரிக்ஸ்டாட் நார்வேயில் இருக்கிறது. நெதர்லாந்துக் கடலோர மீனவர் கதை இந்த ஒரு வரியோடு முடிந்துபோயிற்று. ஆல்பெர்ட்டை அக்கம்பக்கத்தார் ‘நார்வேக்காரர்’ என்ற பொருளில் நோர்மன் என்றே அழைத்தார்கள். அவர் ஆலை வைத்திருந்த ஓடைக்கு இன்றும் நார்மன்ஸ்கில் என்றுதான் பெயர். கில் என்றால் டச்சு மொழியில் ஓடை. மகள் கடைக்குப் போகும் வழியில் வாரம் மூன்று முறை அந்தப் பாலத்தைத் தாண்டுகிறாள்.

ஆல்பெர்ட் தம் மனைவி அன்னெட்யே பாரென்ட்ஸோடு ஏறிய கப்பலின் பெயரும் ரென்ஸலர்ஸ்வைக்தான். 1636 அக்டோபரில் டெக்ஸல் தீவை விட்டுப் புறப்பட்ட அக்கப்பலைப் புயல்கள் அலைக்கழித்தன. நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமைப் பதிவில், கடல் மிக உயர்ந்திருந்ததையும், சுக்கானுக்கு மேலே துருத்திநின்ற பகுதியைப் புயல் உடைத்ததையும் எழுதிவிட்டு, அன்றைக்குக் கப்பலில் ஒரு குழந்தை பிறந்தது என்றும், அதற்கு இங்கிலாந்தில் ஸ்டோர்ம் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் செய்தார்கள் என்றும், தாய் அன்னெட்யே பாரென்ட்ஸ் என்றும் எழுதியிருக்கிறது. ஸ்டோர்ம் என்றால் புயல். கப்பல் பழுதுபார்ப்பதற்காக இங்கிலாந்தின் டெவன் கரையில் உள்ள இல்ஃபராகோம் துறைமுகத்தில் ஒதுங்கிக் குளிர்காலத்தில் பல வாரங்கள் அங்கே நின்றது. 1637 மார்ச் 4-இல் மன்ஹாட்டனையும், ஏப்ரல் 7-இல் ஆற்றின் மேலே இருந்த ஃபோர்ட் ஆரஞ்சுக் கோட்டையையும் அடைந்தது. அப்போது அந்தக் குழந்தைக்கு ஐந்து மாதம்.

அந்தப் பதிவைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மருத்துவச்சி யார், விளக்கு எரிந்ததா, உடைந்த பின்பக்கத்து வழியே தண்ணீர் உள்ளே வந்ததா என்று மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து, பழக்கதோஷத்தால், கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய நாட்காட்டிப்படி 1636 நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமைதான். பழைய நாட்காட்டிப்படி பார்த்தால் புதன்கிழமை வரும். எழுதியவர் ஹாலந்து வழக்கப்படி புதிய நாட்காட்டியில்தான் எழுதியிருக்கிறார் என்பது இதனால் உறுதியானது. பிற்காலத்தில் இட்டுக்கட்டிய ஆவணங்களில் நாளும் கிழமையும் முரண்படுவது உண்டு என்பதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். இங்கே முரண் இல்லை.

இந்த நாட்குறிப்பு நமக்கு அச்சில் கிடைப்பதற்கு, ஆர்னால்ட் வான் லேர் என்ற டச்சு நாட்டவர் காரணம். நியூயார்க் மாநில நூலகத்தில் ஆவணக் காப்பாளராக இருந்த அவர், வான் ரென்ஸலர் குடும்பத்து ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1908-இல் வெளியிட்டார். 1911 மார்ச் 29-இல் ஆல்பனி சட்டமன்றக் கட்டடத்தில் பிடித்த தீயில் மாநில நூலகம் எரிந்தது. டச்சுக் காலத்து ஏடுகள் கீழ்த்தட்டுகளில் இருந்தமையால் விளிம்பு கருகியதோடு பெரும்பாலும் தப்பின. வான் லேர் செய்துவைத்திருந்த புதிய மொழிபெயர்ப்புத் தாள்கள் எரிந்தன. அவர் மறுபடியும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். 1974-இலிருந்து சார்லஸ் கெரிங் என்ற அறிஞர் அந்தப் பணியை ஏற்றுத் தொடர்ந்தார். ஏடுகளின் படங்களைப் பார்க்கும்போது, எழுத்தைச் சுற்றிலும் தீ கடித்த விளிம்பு அலை அலையாகத் தெரிகிறது; சில பக்கங்களில் வரியின் கடைசிச் சொல் வரை வந்து நின்றிருக்கிறது. ஆவணம் என்றால் என்ன என்று அறிந்தவர்கள் இந்த இருவருக்கும் கைகூப்ப வேண்டும்.

அதே கப்பலில் பீட்டர் கிளாசன் என்ற இளைஞரும் வந்தார். அவருக்கும் அப்போது தந்தை பெயர் மட்டுமே. ஆங்கில ஆட்சி வந்தபின் வைக்காஃப் என்ற குடும்பப்பெயரை எடுத்துக்கொண்டார். புரூக்ளினில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1965-இல் நியூயார்க் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக முதலில் அறிவித்தது அந்த வீட்டைத்தான். ஒரே கப்பலில் குடும்பப்பெயர் இல்லாமல் ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று வைக்காஃப், பிராட், வான்டர்ஸீ என்று வெவ்வேறு பெயரில் இருக்கிறார்கள்.

எஞ்சியிருந்தது ஒரு சோதனை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமின் அடையாளங்களை மரபணுச் சோதனையில் ஒப்பிடலாம். பொதுவாக ஒரே குடும்பப்பெயர் உள்ள ஆண்களை ஒப்பிடுவார்கள். நம் விஷயத்தில் கேள்வி வேறு: கப்பல் கதை மெய்யானால், வான்டர்ஸீ ஆண்களின் அடையாளம் பிராட் ஆண்களின் அடையாளத்தோடு பொருந்த வேண்டும். பெயர் வேறாக, வித்து ஒன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து, குழாயில் போட்டு, ஜூலை கடைசியில் அனுப்பிவிட்டார். நான் ஊர் திரும்பும் வரை முடிவு வரவில்லை.

வரைபடத்தில் சான்று உள்ள இணைப்புகளை மையாலும், ஊகமாக நிற்பவற்றைப் பென்சிலாலும் எழுதச் சொல்லியிருந்தேன். பேத்தி ஆல்பெர்ட் ஆன்ட்ரீசன் வரை மையால் எழுதிவிட்டு, அவருக்கு மேலே இருந்த காலிக் கட்டத்தைக் காட்டி, “தாத்தா, இவரோட அப்பா பேர் தெரியாதா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஆன்ட்ரீசன் என்றாலே ஆன்ட்ரீஸின் மகன். அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவள் ‘ஆன்ட்ரீஸ்’ என்று எழுதி, பிறந்த ஆண்டுக்கும் ஊருக்கும் கோடு மட்டும் போட்டாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, என் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே இருந்த கட்டத்தில் ‘சு.’ என்று எழுதி, அதற்கும் அப்படியே இரண்டு கோடு போட்டாள்.